மருத்துவர் ஸெம்மல்வைஸும் பிரசவ சுரமும்

சுரம் என்பது மக்களாய்ப் பிறந்தார் அனைவரும் ஒருமுறையேனும் நுகர்ந்தறிந்த துன்பம். உடல் கனலும், நா வறளும், போர்வை பல போர்த்தினும் குளிர் நீங்காது. இங்ஙனம் யாவரும் அறிந்த துன்பமாயினும், அதன் காரணம் இன்னதென்று நெடுங்காலம் ஒருவரும் அறிந்திலர். காற்றின் கேடு என்றனர் சிலர். கோள்களின் நிலை என்றனர் சிலர். தெய்வக் குற்றம் என்றனர் பலர். சுரத்தையே ஒரு நோயாக எண்ணினரேயன்றி, உள்ளே நிகழும் வேறொரு கேட்டினைப் புறத்தே அறிவிக்கும் அடையாளம் அது என்று எண்ணினாரல்லர். அந்நாளில், கிருமி இன்னதென்று உலகம் காணுமுன்னரே, எண்ணிக்கையையும் ஆராய்ச்சியையும் மாத்திரம் துணைக்கொண்டு ஒரு கொடிய சுரத்தின் காரணத்தைக் கண்டவர் ஒருவர் உளர். அவர் கண்ட காரணமோ மருத்துவ உலகம் கேட்கப் பொறாததாயிருந்தது. அவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர், சிறப்பாக இங்கிருந்து மருத்துவம் பயிலச் செல்லுவோர், அறிந்திருத்தல் நலம் என்று எண்ணி இதனை எழுதலானேன்.

ஹங்கேரி தேசத்தில், டான்யூப் நதியின் மேல்கரையிலுள்ள பூடா நகரில், 1818-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ம் தேதி இக்னாஸ் ஸெம்மல்வைஸ் பிறந்தார். (பூடாவும் எதிர்க்கரையிலுள்ள பெஸ்ட் நகரும் 1873-ல் ஒன்றாகிப் பூடாபெஸ்ட் என்னும் பெயர் பெற்றன.) தந்தையார் மளிகை வாணிகத்தாற் பொருள் ஈட்டியவர். மக்கள் பதின்மருள் இவர் ஐந்தாமவர். 1837-ல் சட்டம் பயிலுமாறு தந்தையார் இவரை வியன்னாவுக்கு அனுப்பினார். ஓராண்டு கழியுமுன் இவருடைய மனம் மருத்துவத்தை நாடிற்று. 1844-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். பொது வைத்தியத் துறையில் ஸ்கோடா என்னும் பேராசிரியரிடம் உதவியாளராக அமர விரும்பியும் அவ்விடம் கிடைத்திலது. ஆதலின் பிரசவ வைத்தியத் துறையிற் புகுந்தார். விரும்பிய வாயில் அடைபட்டமையால் வேறு வாயிலில் நுழைந்தவர் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

வியன்னாவின் பொது ஆஸ்பத்திரி அக்காலத்து ஐரோப்பாவில் பெரும்பெயர் பெற்றது. 1784-ல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி அதனை நிறுவினார். அதனுள் ஏழைப் பெண்கள் கட்டணமின்றிப் பிள்ளை பெறுதற்கு இடம் உண்டு. பிறந்த மகவை ஏற்றுப் பேணுதற்கு ஒரு விடுதியும் உண்டு. இவ்வுதவிக்கு ஈடாக அப்பெண்கள், தம்மைப் பரிசோதித்து மாணாக்கர் பயிலுதற்கு இசைதல் வேண்டும். பிரசவசாலை இரு பகுதிகளாயிருந்தது. முதற்பகுதியில் மருத்துவ மாணாக்கர் பயின்றனர். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒருநாள் வருவோர் ஒரு பகுதியிலும் மறுநாள் வருவோர் மறு பகுதியிலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே எப்பெண் எப்பகுதியைச் சேர்வாள் என்பது அவள் வந்த நாளையே பொறுத்தது. 1846 ஜூலையில் ஸெம்மல்வைஸ் முதற்பகுதியில் யோஹான் கிளைன் என்னும் பேராசிரியரின் கீழ் உதவி மருத்துவரானார்.

அங்கே அவர் கண்டது மரணம். மகவு நலமே பிறக்கும். தாயும் நலமாகவே தோன்றுவாள். இரண்டொரு நாளில் அவளுக்குக் குளிர் கண்டு நடுங்கும், சுரம் விரைந்து ஏறும், வயிறு வீங்கித் தொடப் பொறாது நோகும், நாடி ஓடும், பின்னர் அறிவு மயங்கும், சில நாட்களில் உயிர் நீங்கும். பலகால் மகவும் தாயைத் தொடர்ந்து இறக்கும். 1846-ம் ஆண்டில் முதற்பகுதியில் பிள்ளை பெற்ற 4010 பெண்களுள் 459 பேர் இறந்தனர். அதே ஆண்டில், அதே கூரையின் கீழ், இரண்டாம் பகுதியில் 3754 பேருள் 105 பேரே இறந்தனர். நூற்றுக்குப் பதினொருவர் ஒருபுறம். மூவரினும் குறைந்தவர் மறுபுறம். நகரத்து ஏழைப் பெண்களுக்கு இக்கணக்குத் தெரியாது. ஆயினும் உண்மை தெரியும். முதற்பகுதியிற் சேர்க்கப்படுவோம் என்று அறிந்தவுடன் முழந்தாளிட்டுக் கைகூப்பி, தங்களை மறு பகுதிக்கு அனுப்புமாறு அழுது வேண்டினர். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்று, பின்னர் வந்து சேர்ந்தோரும் பலர். எவ்வித உதவியுமின்றித் தெருவிற் பெற்ற அவர்களுக்கு இச்சுரம் அரிதாகவே கண்டது என்பதை ஸெம்மல்வைஸ் குறித்துக்கொண்டார். பெயர் பெற்ற மருத்துவர் கையினும் தெருப்புழுதி தாய்க்கு நன்மை செய்ததாயின், அதனை எங்ஙனம் விளக்குவது?

அறிஞர்கள் விளக்கம் கூறாமலில்லை. வானிலும் நிலத்திலும் பரவிய ஏதோ ஒரு நச்சுத்தன்மை என்றனர். அங்ஙனமாயின் ஒரு சுவருக்கு அப்பால் அது ஏன் செல்லவில்லை என்று இவர் வினவினார். நெருக்கம் என்றனர், அஞ்சி ஓடி வந்தவர்களால் இரண்டாம் பகுதியிலேயே நெருக்கம் மிகுதி. தாய்ப்பால் வெளிப்படாது உள்ளே தங்கி நஞ்சாயிற்று என்றனர். பால் இரு பகுதியிலும் ஒன்றே. அச்சம் என்றனர். இறக்கும் தறுவாயிலுள்ளோர்க்குத் திருவிருந்து அளிக்க வரும் குருவானவர், முதற்பகுதியில் ஐந்து கூடங்களைக் கடந்தே நோயாளரின் அறையை அடைய வேண்டும். அவருக்கு முன் மணி ஒலிக்கும். அம்மணியோசை கேட்டுப் பெண்கள் நடுங்குவர். ஸெம்மல்வைஸ் குருவானவரிடம் சென்று, மணியின்றி வேறு வழியே வருமாறு வேண்டினார், அவரும் இசைந்தார். மணி ஓய்ந்தது, மரணம் ஓயவில்லை. இரண்டாம் பகுதியில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெறுவது கண்டு, முதற்பகுதியிலும் அங்ஙனமே செய்வித்தார், பயனில்லை. ஒவ்வொரு காரணத்தையும் இவ்வாறு சோதித்துத் தள்ளியதே இவருடைய முறை. தள்ளத் தள்ள, கையில் ஒன்றும் எஞ்சவில்லை என்பதே அப்போது இவருக்கிருந்த துயரம்.

இதற்கிடையே 1846 அக்டோபரில் இவர் பதவி நீங்க நேர்ந்தது. அதில் முன்னிருந்தவர் திரும்பிவந்தார். ஐந்து மாதம் கழித்து, 1847 மார்ச் 20-ம் தேதி மீண்டும் அப்பதவியை ஏற்றார். மனச்சோர்வு நீங்குதற்பொருட்டு நண்பருடன் வெனிஸ் நகரம் சென்று அப்போதுதான் திரும்பியிருந்தார். திரும்பியவரை ஒரு துக்கச் செய்தி எதிர்கொண்டது. யாக்கோப் கொல்லெட்ஷ்கா என்னும் அவருடைய நண்பர், சட்ட வைத்தியப் பேராசிரியர், இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை செய்யுங்கால் மாணாக்கன் ஒருவனுடைய கத்தி அவர் விரலிற் பட்டது, சிறு காயம், அதிலிருந்து சுரம் தோன்றிச் சில நாட்களில் உயிர் போயிற்று. நண்பரின் உடலைச் சோதித்து எழுதிய குறிப்பை ஸெம்மல்வைஸ் படித்தார். நெஞ்சறையிலும் வயிற்றிலும் மூளையின் உறையிலும் சீழும் அழற்சியும் காணப்பட்டன. இக்குறிப்பை அவர் முன்னரே நூற்றுக்கணக்கான முறை படித்திருந்தார். ஆனால் அவையெல்லாம் பிரசவ சுரத்தால் இறந்த பெண்களைப் பற்றியவை. பிள்ளை பெறாத ஓர் ஆண்மகன் பிரசவ சுரத்தால் இறந்திருக்கிறான்!

அப்போது யாவும் விளங்கின. நண்பருக்குப் பிணத்தின் அழுகற்பொருளைக் கத்தி கொண்டுசென்றது. தாய்மார்க்கு அதனைக் கொண்டுசென்றது எது? மருத்துவ மாணாக்கரும் ஆசிரியரும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அங்கிருந்து நேரே பிரசவசாலைக்கு வந்து, பெண்களைக் கையாற் பரிசோதித்தனர். சோப்பினாற் கழுவியும் பிணவாடை நீங்காத கை அது. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. தெருவிற் பெற்றவளை எவரும் பரிசோதிப்பதில்லை. பழைய கணக்குகளும் இதற்குச் சான்று பகர்ந்தன. கிளைனுக்கு முன்னிருந்த போயெர் என்பவர் பிணத்தைக் கொண்டு பிரசவக்கலை கற்பித்தலை விலக்கியவர். அவர் காலத்தில் இறந்தவர் நூற்றுக்கு ஒருவரைச் சிறிதே கடந்தனர். பிரேதப் பரிசோதனையால் மருத்துவக்கல்வி வியன்னாவில் ஓங்கி வளர்ந்த பின்னரே மரணமும் வளர்ந்தது. கல்வியின் பெருக்கமே கொலையின் பெருக்கமாயிற்று என்பது எத்துணைக் கொடிய செய்தி!

1847 மே மாத நடுவில் ஸெம்மல்வைஸ் ஒரு கட்டளை பிறப்பித்தார். பிணவறையிலிருந்து வருவோர் ஒவ்வொருவரும் பெண்களைத் தொடுமுன் குளோரின் நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். குளோரின் நீர் விலை மிகுந்ததாயிருந்தமையின், சில நாட்களில் அதற்குப் பதிலாக, காலரா காலத்தில் நாம் கிணறுகளில் இடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்த நீரை வைத்தார். பிணவாடையை நீக்குவது அழுகற்பொருளையும் நீக்கும் என்பதே அவர் கருத்து. அவ்வாண்டு ஏப்ரலில் 312 பேருள் 57 பேர் இறந்தனர். ஜூன் மாதத்தில் 268 பேருள் அறுவர் இறந்தனர். 1848-ம் ஆண்டு முழுவதிலும் 3556 பேருள் 45 பேர். அவ்வாண்டின் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருத்தியும் இறக்கவில்லை.

இந்த ஏப்ரல் மாதக் கணக்கை வாசகர் மீண்டும் ஒருமுறை நோக்குக. இவர் பதவியில் இல்லாத குளிர்கால மாதங்களில் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. இவர் திரும்பிவந்து, வழக்கம்போலக் காலைதோறும் பிணவறையிற் புகுந்து ஆராயத் தொடங்கிய ஏப்ரலிலேயே அது திடீரென உயர்ந்தது. நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தற்கென்றே பிறர் எவரினும் மிகுதியாகப் பிணங்களை ஆராய்ந்தவர் இவர். ஆகவே அக்காரணத்தைப் பிறர் எவரினும் மிகுதியாகக் கையில் ஏந்திச் சென்றவரும் இவரே. இதனை அவர் மறைத்திலர். தம்மால் காலத்திற்கு முன் கல்லறை புகுந்தோர் எத்துணையர் என்பதைக் கடவுளே அறிவார் என்னும் கருத்தைப் பிற்காலத்துத் தம் நூலில் வெளிப்படையாக எழுதிவைத்தார். பிலாத்து தன் குற்றமின்மைக்கு அறிகுறியாகக் கை கழுவினான். இவரோ குற்றம் தமதென்று ஒப்பியபின் கழுவினார்.

அக்டோபரில் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. கருப்பையிற் புற்றுநோய் கொண்ட ஒருத்தி முதற் படுக்கையில் இருந்தாள். அவளை முதலிற் பரிசோதித்தவர்கள் சோப்பினால் மாத்திரம் கைகழுவி அடுத்தடுத்த பெண்களைப் பரிசோதித்தனர். அப்பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். பிணத்தினின்று மாத்திரமன்று, உயிருள்ள உடலின் அழுகிய புண்ணினின்றும் இக்கேடு பரவும் என்பதை இவர் உணர்ந்து, ஒவ்வொரு பெண்ணைத் தொடுமுன்னும் கைகழுவ வேண்டும் என்று விதித்தார்.

இன்று நாம் அறிந்த அளவில் இச்சுரம் எழும் வகையை ஈண்டுச் சிறிது விரித்தல் பொருந்தும். மகவு பிறந்தபின், நஞ்சுக்கொடி கழன்ற இடம் கருப்பையின் உட்புறத்தே ஒரு பெரும்புண் போலத் திறந்து நிற்கும். அங்குப் புகும் கிருமிகளுட் கொடியது ஸ்டிரெப்டோகாக்கஸ் என்பது. நுண்பெருக்கியிற் பார்த்தால் கோத்த மணிமாலை போலத் தோன்றும். அது பெருகி இரத்தத்திற் கலக்கும்போது, வெள்ளணுக்கள் அதனை எதிர்த்துப் பொருது சில பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் என்பது உண்டாகி, மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் உறுப்பில், உடல் வெப்பத்திற்குரிய அளவை உயர்த்தி வைக்கின்றது. 37 டிகிரி சென்டிகிரேட் என்றிருந்த அளவு 39 அல்லது 40 என்று உயர்ந்தவுடன், 37-ல் நிற்கும் உடல் தன்னைக் குளிர்ந்ததாகக் கொள்கின்றது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. கனலும் உடலினர் போர்வை கேட்பதன் மருமம் இதுவே. எனவே சுரம் என்பது உடல் தொடுத்த போரின் முழக்கமேயன்றிப் பகைவன் அன்று. வெப்பந்தணிக்கும் மருந்தால் முழக்கம் அடங்கலாம். பகைவன் உள்ளே இருக்கலாம். இரத்தத்தில் நஞ்சேறிய நிலையில் சுரம் திடீரெனத் தணிந்து உடல் சில்லிடுதல் நலத்தின் குறியன்று, கேட்டின் குறி என்பதைத் தாய்மாரைப் பேணுவோர் அறிவர். ஸெம்மல்வைஸ் இவற்றுள் ஒன்றையும் அறியார். வெப்பமானியைக் கொண்டு சுரத்தை அளக்கும் வழக்கம் வுண்டர்லிக் என்பாரின் நூல் 1868-ல் வெளிவந்த பின்னரே பரவிற்று. கிருமியை எவரும் காட்டினாரல்லர். அழுகற்பொருள் என்று அவர் கூறியது முழு உண்மையன்று. ஆனால் தாய்மாரைக் காத்தற்குப் போதிய உண்மை.

இனி, உலகம் இதனை ஏற்ற வகையைக் கூறுதல் வேண்டும். நண்பர்களாகிய ஹெப்ராவும் ஸ்கோடாவும் ரொக்கிதான்ஸ்கியும் இவர் பக்கம் நின்றனர். ஹெப்ரா 1847 டிசம்பரிலும் அடுத்த ஏப்ரலிலும் இச்செய்தியைப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். மற்றையோர் பெரும்பாலும் மறுத்தனர். கிருமியைக் காட்டாமல் காரணத்தைக் கூறினார் என்பது ஒரு தடை. ஆயினும் பெருந்தடை வேறு. இதனை ஒப்புவதாயின், இத்துணை ஆண்டுகளாகத் தாய்மாரைக் கொன்றது தன் கையே என்று ஒவ்வொரு மருத்துவனும் ஒப்புதல் வேண்டும். அதனை ஒப்பியவர் படும் பாட்டிற்கு ஒரு சான்று உண்டு. கீல் நகரத்து மைக்கேலிஸ் என்னும் பேராசிரியர், தாம் பரிசோதித்த தம் உறவினள் இச்சுரத்தால் இறந்ததை எண்ணி வருந்தியிருந்த காலத்தில் வியன்னாச் செய்தி அவரை எட்டிற்று. உண்மையை உடனே ஏற்றுக் கைகழுவும் முறையையும் தம் ஆஸ்பத்திரியிற் புகுத்தினார். ஆனால் நெஞ்சின் சுமை தாளாது 1848 ஆகஸ்டில் ரயிலின்முன் விழுந்து உயிர் துறந்தார். மறுத்தவர்கள் எல்லாரும் தீயவரல்லர். மறுப்பு அவர்களுக்கு ஒரு கவசமாயிருந்தது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

ஸெம்மல்வைஸின் குறையையும் மறைத்தல் தகாது. தாம் கண்டதைத் தாமே எழுதி வெளியிடுவதற்கு இவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார். எழுதுகோலைக் கண்டால் இவருக்கு வெறுப்பு. உண்மை தானே பரவும் என்று நம்பியிருந்தார் போலும். அயல்நாட்டார் இவர் கருத்தைப் பிறர் வாய்க் கேட்டுத் திரித்து உணர்ந்தமைக்கு இம்மெளனம் பெருங்காரணம். 1849 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபோது கிளைன் அதனை நீட்டிக்கவில்லை. 1850 அக்டோபரில் ஆசிரியர் பதவி ஒன்று வந்தது. ஆனால் பொம்மையைக் கொண்டே கற்பிக்கலாம் என்னும் வரையறை அதில் இருந்தது. அவமதிப்புப் பொறாது, துணைநின்ற நண்பர்களிடமும் சொல்லாமல் சில நாட்களுக்குள் வியன்னாவை விட்டுப் பெஸ்ட் நகரம் சென்றார். நண்பர்கள் மனம் புண்பட்டனர்.

பெஸ்ட் நகரத்து ரோக்குஸ் ஆஸ்பத்திரியில் 1851 முதல் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். ஆறாண்டுகளில் 933 பிரசவங்களுள் இச்சுரத்தால் இறந்தவர் எண்மரே. 1855-ல் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அங்கும் சுரம் தலைகாட்டியபோது, சரியாக வெளுக்காத படுக்கைத் துணிகளே காரணம் என்று கண்டு அதிகாரிகளோடு வாதாடினார். 1857-ல் மணம் புரிந்தார். மக்கள் ஐவர் பிறந்தனர்.

1861 என்னும் ஆண்டு பொறித்து இவர் நூல் வெளிவந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. கணக்குகள் தெளிவானவை, நடையோ கூறியதையே கூறிப் படிப்பாரைக் களைப்பிப்பது. ஜெர்மன் தேசத்து அறிஞர் பலர் அதனைப் புறக்கணித்தனர். உடற்கூற்று நோயறிவில் தலைவராகிய வீர்ஹோவும் ஏற்றிலர். அதன்பின் இவர் எழுதிய பகிரங்கக் கடிதங்கள் வசைமொழி நிறைந்தவை. மறுத்தவரைக் கொலைஞர் என்றே அழைத்தார். அவர் சினம் நியாயமற்றது என்று யாரும் கூற இயலாது; ஒவ்வொரு நாளும் தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். ஆனால் கொலைஞன் என்று அழைக்கப்பட்டவன் எவனும் அதுகேட்டுத் தொட்டியருகே சென்று கைகழுவினான் என்று தெரியவில்லை.

1865-ல் இவருடைய அறிவு நிலை குலைந்தது. மூளையைப் பற்றிய நோய் இன்னதென்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. ஜூலை இறுதியில், பழைய நண்பர் ஹெப்ரா தம் புதிய மருத்துவ நிலையத்தைக் காட்டுவதாகக் கூறி, இவரை வியன்னாவில் ஒரு பைத்தியக்கார விடுதிக்கு அழைத்துச் சென்றார். உண்மை உணர்ந்து வெளியேற முயன்றபோது காவலர் அடித்து அடக்கி, கைகளைப் பிணிக்கும் சட்டையிட்டு இருட்டறையில் அடைத்தனர் என்று பின்னாளில் வெளிப்பட்ட ஆவணங்கள் காட்டுகின்றன. இரு வாரத்தில், ஆகஸ்ட் 13-ம் தேதி, நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். கையிலிருந்த காயம் அழுகி, நஞ்சு இரத்தத்திற் பரவியதே மரணத்தின் காரணம். கொல்லெட்ஷ்காவைக் கொன்றதும், முதற்பகுதியின் தாய்மாரைக் கொன்றதும் அதுவே.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12-ம் தேதி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில், வண்டி ஏறிக் கால் ஒடிந்த சிறுவன் ஒருவனுடைய புண்ணில் லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். புண் சீழ்வைக்காமல் ஆறிற்று. அவர் ஸெம்மல்வைஸின் பெயரையும் கேட்டிருக்கவில்லை. 1879-ல் பாரிஸ் நகரத்து மருத்துவக் கழகத்தில் பிரசவ சுரத்தைப் பற்றி ஒருவர் உரையாற்றிக்கொண்டிருக்க, பாஸ்டர் இடைமறித்து எழுந்து, அச்சுரத்தின் கிருமியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். சல்பா மருந்துகள் 1936 முதலும், பெனிசிலின் அதன் பின்னரும் இச்சுரத்தின் கொடுமையைப் பெரிதும் அடக்கின. ஆயினும் தூய்மை குன்றிய இடங்களில் அது இன்னும் தாய்மாரைக் கொள்ளைகொண்டே வருகின்றது.

ஸெம்மல்வைஸின் எலும்புகள் 1891-ல் வியன்னாவிலிருந்து பூடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 1964-ல் அவர் பிறந்த வீட்டிலேயே அவை அடக்கஞ் செய்யப்பட்டன. அவ்வீடு இப்போது மருத்துவ வரலாற்றுக் காட்சிசாலையாயிருக்கின்றது. ஊதியமின்றி அவர் பணிபுரிந்த ரோக்குஸ் ஆஸ்பத்திரியின் முன் 1906-ல் செதுக்கிய அவர் சிலை நிற்கின்றது. சிலையின் அடியில் ஒரு தாய் தன் மகவுக்குப் பாலூட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள்.